மோட்டார் சைக்கிள் ஹெட்லைட்டில் எல்.இ.டி. பல்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹாலஜன் பல்போடு வந்த வண்டியில் எல்.இ.டி. போடுவது பற்றிய பக்கம் இது. தயாரிப்பாளரே எல்.இ.டி. ஹெட்லைட் பொருத்திக் கொடுத்த வண்டிகளுக்கு இதில் பாதி பொருந்தாது.

லைட் மங்கலாக இருக்கிறது. நேராக எல்.இ.டி. வாங்கிவிடலாமா?

அதற்கு முன் ஒரு மல்டிமீட்டரைக் கையில் எடுங்கள். இன்ஜின் ஓடட்டும், லைட் எரியட்டும். பல்பு ஹோல்டரின் பின்புறம் வோல்டேஜ் பாருங்கள். பிறகு பேட்டரி முனைகளில் பாருங்கள். வித்தியாசம் அரை வோல்ட்டுக்குள் இருந்தால் வயரிங் நன்றாக இருக்கிறது என்று பொருள். ஒரு வோல்ட்டைத் தாண்டினால், உங்கள் வெளிச்சம் ஹேண்டில் சுவிட்சிலும் துருப்பிடித்த எர்த்திலும் வீணாகிக்கொண்டிருக்கிறது.

ஹாலஜன் இழை வோல்டேஜுக்கு மிகவும் கூச்சப்படும். வெளிச்சம் வோல்டேஜின் ஏறத்தாழ 3.4 அடுக்கில் ஏறி இறங்கும். 13.2 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 12 வோல்ட் வந்தால், குறைந்தது என்னவோ 9 சதவீத வோல்டேஜ்தான். போனது 28 சதவீத வெளிச்சம். எர்த் இணைப்பைச் சுரண்டிச் சுத்தம் செய்து, ஒரு ரிலே (சிறு கரண்ட்டால் பெரிய கரண்ட்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) வைத்தாலே புது பல்பு போட்டதுபோல் இருக்கும்.

முகப்புக் கண்ணாடியையும் பாருங்கள். பிளாஸ்டிக் முகப்பு மஞ்சளடித்துப் போயிருந்தால் எந்த பல்பும் அதைத் தாண்டி வராது. 1000, 2000 எண் வாட்டர் பேப்பரால் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) தேய்த்துப் பாலிஷ் போட வேண்டும். உள்ளே ரிஃப்ளெக்டரின் வெள்ளிபோல் பளபளக்கும் பூச்சு கறுத்தோ கொப்பளித்தோ இருந்தால் பாலிஷ் உதவாது. அந்த யூனிட்டை மாற்றுவதுதான் வழி. ரிஃப்ளெக்டரைத் துணியால் துடைக்காதீர்கள். அந்தப் பூச்சு அவ்வளவு மெல்லியது, துடைத்த கோடு நிரந்தரமாக நிற்கும்.

90/100 வாட் ஹாலஜன் போட்டால் என்ன? விலையும் குறைவுதானே?

100 வாட் பல்பு ஏழரை ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பைக்கின் சுவிட்சும் வயரும் அதில் பாதிக்குச் செய்யப்பட்டவை. முதலில் ஹோல்டர் இளகும், பிறகு சுவிட்ச் கருகும், நடுவில் ரிஃப்ளெக்டர் கொப்பளிக்கும். வேண்டாம்.

என் வண்டியில் இருப்பது எந்த வகை பல்பு?

பழைய பல்பின் உலோகப் பட்டையில் அச்சிட்டிருக்கும். ஒரே பல்பில் டிம், பிரைட் இரண்டும் உள்ள வகைகளில் அதிகம் கண்ணில் படுவது எச்4, எச்எஸ்1 இரண்டும். எச்4 என்றால் 60/55 வாட். பிரைட்டுக்கு 1650 லூமென் (மொத்த வெளிச்சத்தின் அளவு), டிம்முக்கு 1000 லூமென் என்பது அதன் தர அளவு. எச்எஸ்1 பார்ப்பதற்கு அதன் தம்பிபோல் இருக்கும், ஆனால் 35/35 வாட்தான். 825 லூமென், 525 லூமென். சிறிய வண்டிகளில் அதைவிடச் சின்ன அடிப்பாகம் கொண்ட 35/35 வாட் வகைகளும் உண்டு. இரட்டை விளக்கு வண்டிகளில் எச்7, எச்11 போன்ற ஒற்றை இழை பல்புகள் வரும்.

எச்4, எச்எஸ்1 இரண்டின் காலர் (ரிஃப்ளெக்டரில் உட்காரும் உலோக வளையம்) விட்டமும் ஒன்றேதான், பிடிப்பு நாக்குகளின் அமைப்பு மட்டும் மாறும். நாக்கை ராவி, எச்எஸ்1 இடத்தில் 60/55 வாட் எச்4 ஹாலஜனைத் திணிப்பவர்கள் உண்டு. 35 வாட் சூட்டுக்கென்று செய்த பிளாஸ்டிக் அதைத் தாங்காது. எல்.இ.டி.யில் இந்தச் சிக்கல் குறைவு. இரண்டுக்கும் பொருந்தும் காலரோடு பல பல்புகள் வருகின்றன.

ஏசி, டிசி என்கிறார்களே, அது ஏன் முக்கியம்?

எல்.இ.டி. போட்டு ஒரே வாரத்தில் போய்விட்டது என்ற புகார்களில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது.

பழைய, சிறிய வண்டிகள் பலவற்றில் ஹெட்லைட்டுக்கு பேட்டரியிலிருந்து கரண்ட் போவதில்லை. இன்ஜினோடு சுழன்று மின்சாரம் தரும் மேக்னெட் காயிலிலிருந்து நேரே ஏசி, அதாவது திசை மாறி மாறி ஓடும் கரண்ட், போகிறது. ஒரு பாதி அலை பேட்டரியைச் சார்ஜ் செய்யும், மறு பாதி லைட்டை எரிக்கும். இழைக்கு ஏசியும் ஒன்று, டிசியும் ஒன்று. எல்.இ.டி. டிரைவருக்கு (பல்புக்குக் கரண்ட்டைச் சீராக்கித் தரும் மின்சுற்றுக்கு) அப்படியில்லை: தலைகீழ்ப் பாதி அலை வந்தால் சில பல்புகள் எரியவே எரியாது, சில சிமிட்டும், சில ரேஸ் ஏற்றும்போது வரும் வோல்டேஜ் துள்ளலில் செத்துப்போகும்.

கண்டுபிடிப்பது எளிது. சாவியைத் திருப்புங்கள், இன்ஜினை இயக்காதீர்கள். லைட் எரிந்தால் டிசி. எரியாவிட்டால் உடனே ஏசி என்று முடிவு கட்டாதீர்கள். இன்ஜின் ஓடினால் மட்டும் லைட் வரும்படி ரிலே வைத்த புது வண்டிகளும் இருக்கின்றன. இன்ஜினை ஐடிலில் விட்டு ஹோல்டரில் மீட்டரை வையுங்கள். டிசி அளவில் 13 முதல் 14.5 வோல்ட் நிலையாக நின்றால் டிசி. டிசி அளவில் ஏதோ சிறு எண்ணோ மைனஸ் எண்ணோ காட்டி, ஏசி அளவில் நல்ல வோல்டேஜ் காட்டினால் ஏசி. ஆக்சிலரேட்டரோடு சேர்ந்து வெளிச்சமும் ஏறி இறங்குவது இன்னோர் அடையாளம்.

ஏசி வண்டி என்று தெரிந்துவிட்டது. இனி?

மூன்று வழி. முதலாவது, ஏசியிலும் ஓடும் என்று எழுதிய பல்பு. உள்ளே ஏசியை டிசியாக்கும் பிரிட்ஜ் டயோடு வைத்திருப்பார்கள். எரியும், ஐடிலில் சிமிட்டும். வோல்டேஜ் துள்ளலுக்கு ஈடுகொடுக்குமா என்பது தரத்தைப் பொறுத்தது.

இரண்டாவது, ஹெட்லைட்டைப் பேட்டரிக்கு மாற்றுவது. ரிலே வைத்து, பழைய ஏசி வயரை மேலே டேப் சுற்றித் தனியே விட்டுவிடலாம். ஆனால் பாதி அலையில் சார்ஜ் ஆகும் பேட்டரிக்கு வரவே குறைவு. 12 முதல் 15 வாட்டுக்குமேல் போகாத பல்பாகத் தேர்ந்தெடுங்கள். பிறகு லைட், பிரேக் லைட் இரண்டும் எரிய, ஐடிலில் பேட்டரி வோல்டேஜைப் பாருங்கள். 13க்குக் கீழே நின்றால் நகரச் சாலையில் பேட்டரி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும்.

மூன்றாவதுதான் முழுத் தீர்வு: காயிலின் எர்த் முனையைப் பிரித்துத் தனி வயராக வெளியே கொண்டுவந்து, முழு அலை ரெக்டிஃபையர் (ஏசியின் இரு பாதியையும் டிசியாக்கும் பகுதி) வைப்பது. மேக்னெட் மூடியைக் கழற்ற வேண்டும், கேஸ்கட் மாற்ற வேண்டும், சூடும் எண்ணெயும் படும் இடத்தில் பற்றவைக்க வேண்டும். பழகிய எலக்ட்ரீஷியன் கையில் விடுங்கள். சரியாகச் செய்தால் மொத்த வண்டியின் மின்சாரமும் தேறிவிடும்.

பெட்டியில் 120 வாட், 20,000 லூமென் என்று போட்டிருக்கிறதே?

போட்டிருக்கும். காகிதத்துக்கு வாய் கிடையாது.

மீட்டரின் 10 ஆம்பியர் துளையில் முனையை மாற்றி, பல்பைத் தொடர் இணைப்பில் வைத்துக் கரண்ட் பாருங்கள். 13 வோல்ட்டில் 1.5 ஆம்பியர் என்றால் 20 வாட். ஹெட்லைட் எல்.இ.டி.கள் பெரும்பாலும் 15 முதல் 25 வாட்டுக்குள்தான் உண்மையில் எடுக்கின்றன. வாட்டுக்கு 80 முதல் 100 லூமென் என்று வைத்தாலும் 20 வாட்டுக்கு 1600 முதல் 2000. கட்டைவிரல் பருமனுள்ள ஹீட்சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகப் பகுதி), மூடிய டூமுக்குள் (ஹெட்லைட் கூட்டுக்குள்) 120 வாட்டின் சூட்டை வெளியேற்றவே முடியாது என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

போட்ட முதல் நொடியில் பார்க்கும் வெளிச்சத்தை நம்பிவிட வேண்டாம். சூடேற ஏற நல்ல பல்பு தானே கரண்ட்டைக் குறைத்துக்கொள்ளும். மட்டமானது குறைக்காமல் வெந்துபோகும். 15 நிமிடம் எரியவிட்டு மறுபடி கரண்ட் பாருங்கள். அதுதான் நீங்கள் ஓட்டும்போது கிடைக்கப்போகும் வெளிச்சம்.

அப்படியானால் நல்ல பல்பை எதை வைத்துப் பார்த்து வாங்குவது?

சிப்பு (ஒளி தரும் சிறு வில்லை) எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதை வைத்து. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பதென்றால் இதைப் படியுங்கள்.

ரிஃப்ளெக்டரின் ஒவ்வொரு வளைவும் ஒரு குறிப்பிட்ட புள்ளியில் இருக்கும் இழையைக் கணக்கில் வைத்துச் செய்யப்பட்டது. எச்4 இழை சுமார் 5 மி.மீ. நீளம், ஒன்றரை மி.மீ. தடிமன், சுற்றிலும் 360 பாகையில் ஒளி வீசும். டிம் இழைக்குக் கீழே ஒரு குட்டித் தகட்டுக் கிண்ணம் உண்டு. கீழ்நோக்கிப் போகும் ஒளியை அது மறைப்பதால் ரிஃப்ளெக்டரின் மேல்பாதி மட்டும் வேலை செய்கிறது. சுவரில் டிம் லைட் ஒரு கோட்டுக்குமேல் ஏறாமல் நிற்பது அந்தக் கிண்ணத்தின் புண்ணியம்.

எல்.இ.டி.யில் ஒளி ஒரு தகட்டின் இரு பக்கச் சிப்புகளிலிருந்து வருகிறது. தகடு இரண்டு மி.மீ.க்குள் மெலிந்திருந்தால் இரு பக்கமும் சேர்ந்து ஓர் இழைபோல் நடிக்கும். மூன்று, நான்கு மி.மீ. தடித்திருந்தால் ரிஃப்ளெக்டர் இரண்டு தனி விளக்குகளைப் பார்க்கிறது. சாலையில் அது நடுவில் இருட்டு, இரு ஓரமும் வெளிச்சம் என்று தெரியும். சிப்பு முன்னே பின்னே ஒரு மி.மீ. நகர்ந்தாலே கூர்மை போய்விடும்.

ஆகவே பழைய பல்பைக் கையில் வைத்துக்கொண்டு வாங்குங்கள். இரண்டின் காலரையும் ஒரே மட்டத்தில் பிடித்துப் பக்கவாட்டில் பாருங்கள். இழை இருக்கும் தூரத்தில் சிப்பு இருக்கிறதா? சிப்பு வரிசையின் நீளம் இழையின் நீளத்தை ஒத்திருக்கிறதா? டிம் சிப்புக்குக் கீழே கிண்ணம் இருக்கிறதா? மூன்று, நான்கு பக்கமும் பெரிய மஞ்சள் சதுரங்கள் ஒட்டிய பல்பு என்றால் பார்த்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். அது அறைக்கு வெளிச்சம் தரும், சாலைக்குத் தராது.

எந்த நிறம் நல்லது?

ஒளியின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள், எண் ஏற ஏற மஞ்சள் குறைந்து நீலம் கூடும். ஹாலஜன் சுமார் 3200 கெல்வின். எல்.இ.டி.யில் 4300 முதல் 5500 வரை உள்ள வெள்ளை கண்ணுக்கு இதமானது. 6500ஐத் தாண்டினால் நீலம் ஏறும். நீல ஒளி கண்ணுக்குள் அதிகம் சிதறுவதால் எதிரே வருபவருக்குக் கூச்சம் கூடும், உங்களுக்கு ஒன்றும் கூடுதலாகத் தெரியாது.

மஞ்சள் விளக்கு மூடுபனியைத் துளைக்கும் என்பது நெடுநாள் நம்பிக்கை. மூடுபனியின் துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியவை. அவை எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒன்றுபோலவே சிதறடிக்கும். பனியில் உதவுவது விளக்கின் தாழ்ந்த உயரமும் கூர்மையான மேல்கோடும். மஞ்சள் கூச்சத்தைக் குறைக்கும், அவ்வளவே.

மழையில் எல்.இ.டி. ஒன்றுமே தெரியவில்லை என்பார்கள். நனைந்த தார்ச்சாலை கண்ணாடிபோல் ஒளியை முன்னே அனுப்பிவிடுகிறது, உங்களிடம் திரும்புவது சொற்பம். ஹாலஜனுக்கும் இதே கதைதான்.

பொருத்துவது எப்படி?

வேண்டியவை: ஸ்க்ரூ டிரைவர், 8 மற்றும் 10 மி.மீ. ஸ்பேனர், மல்டிமீட்டர், நாலைந்து பிளாஸ்டிக் டை, கனெக்டருக்கு டைஎலக்ட்ரிக் கிரீஸ் ஒரு துளி.

லைட் எரிந்து சூடாக இருந்தால் ஆறவிடுங்கள். பேட்டரியின் மைனஸைக் கழற்றுங்கள். வைசரையோ டூமையோ திறந்து கனெக்டரை நேராகப் பின்னுக்கு இழுங்கள். வயரைப் பிடித்து இழுத்தால் முனை கையோடு வந்துவிடும். ரப்பர் மூடியை உரித்து, ஸ்பிரிங் கம்பியை விலக்கி, பழைய பல்பை எடுங்கள். அதன் கண்ணாடியில் விரல் படாமல் துணியில் சுற்றி, ஒரு டப்பாவில் சீட்டுக்கு அடியில் வையுங்கள். நடுவழியில் எல்.இ.டி. மண்டையைப் போட்டால் அதுதான் வீடு சேர்க்கும்.

எல்.இ.டி.யின் காலர் தனியே கழன்று வருவதாக இருந்தால், முதலில் காலரை மட்டும் ரிஃப்ளெக்டரில் வைத்து ஸ்பிரிங்கைப் பூட்டுங்கள், ரப்பர் மூடியைப் போடுங்கள், பிறகு பல்பை அதன் வழியே நுழைத்துத் திருகுங்கள். பின்னாலிருந்து பார்க்கும்போது சிப்புகள் கடிகாரத்தின் 3 மணி, 9 மணித் திசையில் இருக்க வேண்டும், கிண்ணம் கீழே. 12க்கும் 6க்கும் நின்றால் ஒளி மேலும் கீழும் கொட்டும், இரு பக்கமும் இருளாகும்.

டிரைவர் டப்பா தனியாக இருந்தால் டூமின் உலோகத்தோடு சேர்த்து, தண்ணீர் தேங்காத இடத்தில் கட்டுங்கள். தொங்கவிட்ட டப்பா அதிர்வில் தன் வயரையே தின்னும். ஹேண்டிலை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, வயர் இழுபடவில்லை என்று பாருங்கள். மைனஸை மாட்டி டிம், பிரைட், பாஸ் மூன்றையும் சோதியுங்கள். எரியவே இல்லையென்றால் பதற வேண்டாம், எல்.இ.டி.க்கு பிளஸ், மைனஸ் உண்டு. உங்கள் வண்டியின் பொதுக் கம்பி (டிம், பிரைட் இரண்டுக்கும் பொதுவான வயர்) எர்த்தா, பிளஸ்ஸா என்று மீட்டரில் பார்த்து, கனெக்டர் முனைகளை மாற்ற வேண்டியிருக்கும்.

ரப்பர் மூடி மாட்டவில்லை. வெட்டிவிடலாமா?

நடுத்துளையை ஒரு சுற்று பெரிதாக்கலாம். மூடியே இல்லாமல் விடக்கூடாது. தூசியும் நீராவியும் நுழைந்து ரிஃப்ளெக்டரை ஆறு மாதத்தில் மங்கடித்துவிடும். ஹீட்சிங்க் மட்டும் மூடிக்கு வெளியே காற்றில் நிற்பது நல்லது, ஏனென்றால் எல்.இ.டி.யின் சூடு முன்னே போகாது, பின்பக்கம் வரும்.

ஃபேன் உள்ளது நல்லதா, இல்லாததா?

காரில் ஃபேன், பைக்கில் ஃபேன் இல்லாதது. தூசி, மழை, அதிர்வு மூன்றும் அந்தக் குட்டி ஃபேனுக்குப் பகை. அது நின்றதும் சிப்பு வேகும். ஹீட்சிங்குக்குப் பதில் செம்பு நாடாக்கள் சூட்டை வெளியேற்றும் வகையில் நாடாக்களை விரித்துவிட மறக்காதீர்கள். சுருட்டித் திணித்தால் அவை இருந்தும் பயனில்லை. டூமின் ஆழத்தை முன்கூட்டியே அளந்துகொள்ளுங்கள்.

ரிலே வைக்க வேண்டுமா?

டிசி வண்டியில் 20 வாட் எல்.இ.டி.க்குக் கட்டாயமில்லை. 55 வாட் ஹாலஜன் 13.5 வோல்ட்டில் 4 ஆம்பியருக்கு மேல் எடுத்த அதே வயரில், இது ஒன்றரை ஆம்பியர்தான் எடுக்கிறது. ஏசியிலிருந்து மாற்றும்போதும், ஹாலஜனையே வைத்துக்கொள்ளும்போதும், கூடுதல் விளக்கு சேர்க்கும்போதும் ரிலே வேண்டும்.

இணைப்பு இதுதான்: பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஃபியூஸ் வழியாக ரிலேயின் 30க்கு, 87லிருந்து பல்புக்கு, பழைய ஹெட்லைட் வயர் 86க்கு, 85 எர்த்துக்கு. டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என இரண்டு ரிலே. எல்.இ.டி. மட்டும் என்றால் 5 ஆம்பியர் ஃபியூஸ், ஹாலஜன் என்றால் 10. வயர் 1.5 சதுர மி.மீ. ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்கட்டும். தள்ளி வைத்தால், இடையில் உள்ள வயர் உரசிச் சட்டத்தில் பட்டபோது அதைக் காப்பாற்ற எதுவும் இருக்காது.

டிம்மில் ஓட்டும்போதும் மீட்டரில் ஹைபீம் நீல விளக்கு எரிகிறது.

எர்த்தை சுவிட்ச் செய்யும் வண்டிகளில் இது அடிக்கடி வரும். பொதுக் கம்பி பிளஸ். டிம்மும் பிரைட்டும் எர்த் பக்கம் திறந்து மூடுகின்றன. இழை பல்பில் டிம், பிரைட் இரண்டும் தனித்தனி. எல்.இ.டி. டிரைவருக்குள் அவை ஒட்டியிருந்தால் கரண்ட் பக்கவாட்டில் கசிந்து நீல விளக்கை எட்டும். அந்த அமைப்புக்கென்று வரும் ரிலே கிட், அல்லது கசியும் பாதையில் சரியான திசையில் ஒரு டயோடு இதைத் தீர்க்கும். அபாயம் ஒன்றுமில்லை, எரிச்சல்தான்.

சிமிட்டுகிறது, சில நேரம் பல்பு பழுது என்று எச்சரிக்கை வருகிறது.

கணினி கட்டுப்படுத்தும் புது வண்டிகளில் ஹெட்லைட்டுக்கு வரும் கரண்ட் வேகவேகமாக வெட்டி வெட்டி வரும். இழைக்குத் தெரியாது, எல்.இ.டி. காட்டிக்கொடுத்துவிடும். வழியில் வைக்கும் கேன் பஸ் டிகோடர் பெட்டி அதைச் சமன்செய்யும். பல்பு பழுது எச்சரிக்கை, கரண்ட் குறைவாக எடுப்பதால் வருவது. அதற்காக 6 ஓம் ரெசிஸ்டர் வைத்தால், 14 வோல்ட்டில் அது 30 வாட்டுக்கு மேல் சூடாக்கும். வைத்தே ஆகவேண்டுமென்றால் சட்ட உலோகத்தில் திருகுங்கள், பிளாஸ்டிக்கில் கட்டாதீர்கள்.

லைட் போட்டதும் புளூடூத் இரைகிறது, மீட்டர் முள் ஆடுகிறது என்றால் டிரைவரிலிருந்து வரும் மின்காந்த இரைச்சல். பல்பு வயரில் ஃபெரைட் வளையம் மாட்டிப் பாருங்கள். தீராவிட்டால் பல்பை மாற்றுங்கள்.

எதிரே வருகிறவர்கள் எல்லாரும் லைட்டைச் சிமிட்டுகிறார்கள்.

அவர்கள் சொல்வது சரியாகத்தான் இருக்கும். பல்பு மாற்றியபின் உயரம் சரிபார்க்காத வண்டியில் ஏறி உட்கார்ந்திருக்கிறீர்கள்.

சமதரையில், சுவரிலிருந்து 5 மீட்டரில் வண்டியை நிறுத்துங்கள். டயர்க் காற்று சரியாக இருக்கட்டும், சென்டர் ஸ்டாண்டில் போடாதீர்கள், வழக்கமாக ஓட்டுபவர் மேலே உட்காரட்டும். தரையிலிருந்து ஹெட்லைட்டின் நடுப்புள்ளி எத்தனை உயரமோ அதே உயரத்தில் சுவரில் ஒரு கோடு இழுங்கள். டிம் வெளிச்சத்தின் மேல்விளிம்பு அந்தக் கோட்டுக்கு 5 முதல் 7.5 செ.மீ. கீழே நிற்க வேண்டும். இது 1 முதல் 1.5 சதவீதச் சாய்வு. விளக்கு 90 செ.மீ. உயரத்தில் இருந்தால் 1 சதவீதத்தில் வெளிச்சம் 90 மீட்டரில் தரையைத் தொடும், ஒன்றரையில் 60 மீட்டர், இரண்டில் 45தான். வண்டியின் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

மேல்விளிம்பே தெரியாமல் பஞ்சுபோல் பரவிக் கிடந்தால் உயரத்தை மாற்றிப் பயனில்லை. பல்பைக் காலருக்குள் சில பாகை இப்படியும் அப்படியும் திருப்பிப் பாருங்கள். சில பல்புகளில் இதற்கென்றே குட்டித் திருகு உண்டு. எங்கே விளிம்பு கூர்மையாகிறதோ அங்கே இறுக்குங்கள். எந்த நிலையிலும் கூர்மை வரவில்லையா? அந்த பல்பு உங்கள் ரிஃப்ளெக்டருக்கு ஆகாது. கழற்றுங்கள்.

பின்னால் ஆள் ஏறினால் இந்தக் கணக்கு மாறும். சக்கரங்களுக்கு இடையே 130 செ.மீ. உள்ள வண்டியில் பின்பக்கம் 3 செ.மீ. கூடுதலாக அமிழ்ந்தால் முன்விளக்கு 2.3 சதவீதம் ஏறும். நீங்கள் வைத்த ஒரு சதவீதச் சாய்வு போய், டிம் லைட் நேராக எதிரிலுள்ளவர் முகத்தில் அடிக்கும். எப்போதும் இருவராகப் போகிறவர்கள் இருவரும் உட்கார்ந்து அளந்துகொள்ளுங்கள், அல்லது பின் சஸ்பென்ஷனின் ப்ரீலோடை (ஸ்பிரிங்கின் முன்-இறுக்கத்தை) கூட்டுங்கள்.

முன் சக்கரத்துக்கு எதிரே பளிச்சென்று இருக்கிறது. ஆனால் தூரம் தெரியவில்லையே?

அந்தப் பளிச்சுதான் காரணம். பக்கத்தில் வெளிச்சம் கொட்டினால் கண்ணின் பாவை சுருங்கும், தொலைவு மேலும் இருளும். இரண்டு மடங்கு தூரத்தில் அதே அளவு வெளிச்சம் விழ நான்கு மடங்கு செறிவு வேண்டும். அதைத் தருவது குவிப்பு, மொத்த லூமென் அல்ல.

பல்புக்குப் பதில் முழு எல்.இ.டி. ஹெட்லைட்டே மாற்றினால்?

பொருந்துமானால் இதுதான் மேலான வழி. சிப்பும் அதற்கேற்ற ரிஃப்ளெக்டரோ லென்ஸோ சேர்த்தே வடிவமைக்கப்பட்டிருக்கும், இழையைப் போல் நடிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. வட்ட ஹெட்லைட் வண்டிகளுக்கு 7 அங்குலம், 5¾ அங்குலம் என்ற இரு அளவுகளில் தேர்வு அதிகம். விட்டத்தோடு ஆழத்தையும் அளந்துகொள்ளுங்கள். பின்பக்க ஹீட்சிங்க் டூமுக்குள் உள்ள வயர்க் கட்டில் இடிக்கும். கோணமான முகப்பு உள்ள வண்டிகளில் சின்ன எல்.இ.டி. புரொஜெக்டரை (லென்ஸ் வழியே ஒளியைக் குவிக்கும் விளக்கை) உள்ளே வைத்து ஒட்டுவார்கள். முகப்பைச் சூட்டில் பிரித்து, நேராகப் பொருத்தி, மறுபடி நீர் புகாமல் மூட வேண்டும். நல்ல கை செய்தால் அருமையாக இருக்கும். அரைகுறைக் கை செய்தால் முதல் மழையிலேயே உள்ளே மீன் வளர்க்கலாம்.

ஹாலஜனுக்கென்று செய்த புரொஜெக்டரில் எல்.இ.டி. பல்பு மாட்டுபவர்களும் உண்டு. மேல்விளிம்பு கூர்மையாகவே இருக்கும், ஏனெனில் அதைத் தருவது உள்ளே உள்ள தகடு. நடுக்குவிப்பு பெரும்பாலும் ஹாலஜனைவிடக் குறையும்.

பேட்டரிக்கு நல்லதா?

இரண்டரை ஆம்பியர் மிச்சம் என்பது சின்ன பேட்டரிக்கு நிம்மதி. ஒரு சின்ன விஷயம்: பல பைக்குகளின் ரெக்டிஃபையர், தேவைக்கு மேற்பட்ட கரண்ட்டை எர்த்துக்குத் தள்ளிச் சூடாகக் கழிக்கும் வகை. லைட் குறைவாக எடுத்தால் அது கழிக்க வேண்டியது கூடும். பெட்ரோல் மிச்சமாகும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ரெக்டிஃபையரின் துடுப்புகளில் சேறு அப்பியிருந்தால் துடைத்து வையுங்கள்.

சட்டப்படி செல்லுமா?

பல நாடுகளில் செல்லாது. ஹாலஜன் ஹெட்லைட்டுக்குத் தரும் ஒப்புதல் அந்த பல்பு வகையோடு சேர்ந்தது. பல்பு வகை மாறினால் ஒப்புதலும் போகும். ஜெர்மனியில் 2020 முதல் குறிப்பிட்ட சில எல்.இ.டி. பல்புகளுக்கு, பட்டியலில் உள்ள வண்டி மாடல்களில் மட்டும், அனுமதி தரப்படுகிறது. மற்ற இடங்களில் உங்கள் போக்குவரத்து விதியையும் காப்பீட்டு நிபந்தனையையும் வாங்குமுன் பாருங்கள்.

பெட்டியில் வட்டத்துக்குள் ‘இ’ என்ற ஆங்கில எழுத்து இருப்பதைக் காட்டி, ஒப்புதல் பெற்றது என்று விற்பார்கள். பக்கத்தில் உள்ள எண்களில் 10ஆர் என்று வந்தால், அது மின்காந்த இரைச்சலுக்கான சான்று மட்டுமே. ஒளியைப் பற்றி அது ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

கூடுதல் விளக்கு சேர்ப்பது பல்பு மாற்றுவதைவிட நல்லதா?

நெடுஞ்சாலையில் இரவு ஓட்டுபவர்களுக்குப் பெரும்பாலும் ஆம். ஹாலஜனை நல்ல வயரிங்கோடு டிம்முக்கு விட்டுவிட்டு, குறுகிய குவிப்புள்ள எல்.இ.டி. ஸ்பாட் ஒன்றை ஹைபீம் வயரிலிருந்து ரிலே வழியாகச் சேர்த்தால், டிம்முக்கு மாறும்போது அதுவும் தானே அணையும். தனி சுவிட்ச் மட்டும் வைத்தவர்கள் அதை அணைக்க மறப்பார்கள். ஃப்ரேமில் இறுக்கமாகப் பொருத்துங்கள். மட்கார்டில் மாட்டினால் சாலையே நடுங்குவதுபோல் தெரியும்.